அப்டேட்டுக்குப் பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் உறைந்து நிற்கிறதா? எங்கிருந்து பார்ப்பது

கேள்வி சுருக்கமாக இது: விண்டோஸ் 11-இல் மாதாந்திர அப்டேட் இறங்கி, ரீஸ்டார்ட் ஆன பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோ வெளுத்துப்போய் மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டுகிறது. சில நேரம் டாஸ்க்பாரும் சேர்ந்து மறைந்து திரும்ப வருகிறது. எஸ்எஃப்சி என்ற விண்டோஸ் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்த்தாயிற்று, 'எந்தக் குறையும் இல்லை' என்கிறது. ஃபார்மேட் செய்துவிடலாமா?

வேண்டாம். இந்தக் கோளாறு ஃபார்மேட் வரை போக வேண்டிய நிலை அபூர்வம். எஸ்எஃப்சி பலிக்காததிலும் ஆச்சரியமில்லை. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்கின்றனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். எக்ஸ்ப்ளோரரை நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் அந்தக் கோப்புகளுக்கு வெளியே இருப்பவை. இணையத்தில் கிடைக்கும் கட்டளைப் பட்டியல்களை மேலிருந்து கீழ்வரை ஓட்டிக்கொண்டிருப்பதைவிட, எதைத் தொட்டால் நிற்கிறது என்று கொஞ்ச நேரம் கவனிப்பது நல்லது. திறந்தவுடனேயா, ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் போனாலா, ரைட் கிளிக் செய்தாலா, தேடினாலா? இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் பார்க்க வேண்டிய இடம் தானாகவே சுருங்கிவிடும்.

அதற்கு முன் கணினியை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியை ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரை ஒரு கணம் வெறுமையாகி, டாஸ்க்பார் திரும்ப வரும். திறந்து வைத்திருக்கும் பிரவுசர், வேர்ட் போன்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நேரத்தில் எக்ஸ்ப்ளோரர் வழியாக ஏதாவது காப்பி ஓடிக்கொண்டிருந்தால் அது பாதியில் அறுந்துபோகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தவறுதலாக 'எண்ட் டாஸ்க்' கொடுத்து, டாஸ்க்பார் வராமலே போய்விட்டால் பதற வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜர் விண்டோ இன்னும் அங்கேதான் இருக்கும். அதில் 'ரன் நியூ டாஸ்க்' என்பதை அழுத்தி, எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுத்தால் எல்லாம் திரும்பிவிடும்.

கோப்பு விண்டோ உறைந்தால் டாஸ்க்பார் ஏன் போகிறது என்பதற்குக் காரணம் பழையது. 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது, அதுவரை தனித்தனியாக இருந்த ப்ரோகிராம் மேனேஜர், ஃபைல் மேனேஜர் இரண்டின் இடத்தையும் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே நிரல் பிடித்துக்கொண்டது. டெஸ்க்டாப்பை வரைவது, டாஸ்க்பாரைக் காட்டுவது, ஃபோல்டர்களைத் திறப்பது எல்லாமே அதன் பொறுப்பு. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கோப்பு விண்டோவின் பெயர் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்று மாறியது, உள்ளே ஓடும் நிரல் மாறவில்லை. அதனால்தான் டாஸ்க் மேனேஜரில் இன்னும் பழைய பெயரைப் பார்க்கிறீர்கள். இரண்டையும் பிரித்து வைக்க ஒரு வழி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸ்' என்று தேடித் திறந்து, 'வியூ' பக்கத்தில் 'லாஞ்ச் ஃபோல்டர் விண்டோஸ் இன் எ செபரேட் ப்ராசஸ்' என்பதை டிக் செய்யுங்கள். நோய் இதனால் குணமாகாது. ஆனால் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு தடவையும் டாஸ்க்பார் காணாமல்போகும் தொல்லை குறையும்.

'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தாலே நிரல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு விண்டோ தனக்கு வரும் கிளிக், கீ போன்ற செய்திகளை ஏறக்குறைய 5 நொடிகள் கவனிக்காமல் இருந்தால் விண்டோஸ் அதன்மேல் அந்த முத்திரையைக் குத்திவிடும். உள்ளே அது வேறு எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கலாம். எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான் முழுக் கேள்வியும். இன்னொன்று: பெரிய அப்டேட் முடிந்த உடனே பின்னணியில் நிறைய வேலை நடக்கும். தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படும், டிஃபெண்டர் ஸ்கேன் ஓடும், 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்ற நிரல் டிஸ்க்கைக் கடைந்துகொண்டிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இது போதும், எக்ஸ்ப்ளோரர் ஊர்வதற்கு. ஆகவே அப்டேட் ஆன முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சார்ஜரில் போட்டுவிட்டு, ஒரு தடவை முழுதாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். 'ஷட் டவுன்' போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய நிலை சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப ஏற்றப்படும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அதன் பிறகும் நின்றால், முதல் சோதனை இது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எந்த ஃபோல்டரில் சிக்கல் வருகிறதோ அங்கே போய் 'டிர்' கட்டளையைக் கொடுங்கள் (கட்டளைகளை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன்). பட்டியல் சடசடவென்று ஓடி முடிந்தால் டிஸ்க்கும் கோப்பு முறைமையும் சரியாக இருக்கின்றன, கோளாறு எக்ஸ்ப்ளோரர் சார்ந்தது. அங்கேயும் இழுத்து இழுத்து வந்தால் எக்ஸ்ப்ளோரரைத் திட்டிப் பயனில்லை, டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ பார்க்க வேண்டும். ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியில் 7, 51, 129, 153 என்ற எண்களில் டிஸ்க் தொடர்பான பதிவுகள் வரிசையாக நின்றால் அது கெட்ட சகுனம். 7 என்றால் கெட்ட பிளாக், 153 என்றால் தரவைப் படிக்கவோ எழுதவோ மறுபடி முயன்றிருக்கிறது. அப்படி இருந்தால் இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையைப் பழுதுபார்க்கும் விருப்பத்தோடு ஓட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைப்பது அதை இன்னும் வேகமாகக் கொல்லும்.

இரண்டாவது சோதனை, புதிதாக ஒரு யூசர் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கி, அதில் லாகின் செய்து எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் காரணம் உங்கள் கணக்குக்குள் இருக்கிறது: சமீபத்திய கோப்புகளின் பட்டியல், தம்ப்நெயில் கேஷ், நெட்வொர்க் டிரைவ் இணைப்புகள், கிளவுட் கணக்கு போன்றவை. அங்கேயும் நின்றால் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான ஒன்று, அதாவது நிறுவப்பட்ட மென்பொருள், டிரைவர் அல்லது விண்டோஸேதான். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்பவர்கள்தான் அதிகம்.

இனி, எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து.

திறந்த உடனேயே நின்றால் முதல் சந்தேகம் 'ஹோம்' பக்கத்தின் மேல். முன்பு 'க்விக் அக்செஸ்' என்று இருந்ததுதான் இது. எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போது நீங்கள் அண்மையில் தொட்ட கோப்புகள், அடிக்கடி போகும் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் இது தேடிப் பிடித்துக் காட்டப் பார்க்கும். அதில் ஒன்று, இப்போது இல்லாத பென் டிரைவிலோ, அணைந்து கிடக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலோ இருந்தால் பதில் வரும்வரை காத்திருக்கும். சோதிப்பது எளிது. விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி, வரும் ரன் பெட்டியில் சி எழுத்து, முக்காற்புள்ளியான கோலன் (:), பின்சாய்கோடு (\) என்று தட்டி என்டர் கொடுங்கள். ஹோம் பக்கத்தைத் தொடாமல் நேராக சி டிரைவ் திறக்கும். இது உடனே திறந்தால் குற்றவாளி ஹோம்தான்.

தீர்வுக்கு மறுபடியும் 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸ்' போக வேண்டும். அது கன்ட்ரோல் பேனலைச் சேர்ந்த தனி விண்டோ என்பதால் எக்ஸ்ப்ளோரர் திறக்காவிட்டாலும் ஸ்டார்ட் மெனு தேடல் வழியாக வரும். 'ஓபன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டூ' என்ற இடத்தில் 'திஸ் பிசி' என்று மாற்றுங்கள். கீழே 'ப்ரைவசி' பகுதியில் சமீபத்திய கோப்புகள், அடிக்கடி போகும் ஃபோல்டர்கள், கணக்கிலிருந்து வரும் பரிந்துரைக் கோப்புகள் ஆகிய டிக்குகளை எடுத்துவிட்டு, 'க்ளியர்' அழுத்துங்கள். இதுவே பலருக்குப் போதும். போதாவிட்டால் அந்தப் பட்டியல் கோப்பே சிதைந்திருக்கலாம். உங்கள் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டரில் ரோமிங், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ரீசன்ட், ஆட்டோமேட்டிக்டெஸ்டினேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால் இருக்கும் கோப்புகளை அழித்துவிடலாம். விண்டோஸ் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் பின் செய்து வைத்த ஃபோல்டர்களும், டாஸ்க்பார் ஐகான்களின் சமீபத்தியப் பட்டியல்களும் இதில் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

திறக்கும்போது நிற்பதற்கு இன்னொரு பெரிய காரணம் மேப் செய்யப்பட்ட நெட்வொர்க் டிரைவ், அதாவது வேறொரு சாதனத்தின் ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாக இணைத்து வைப்பது. அப்டேட்டோடு இதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) இணைப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம் என்பது ப்ரோ, என்டர்பிரைஸ் போன்றவற்றில் இயல்பு நிலையாக்கப்பட்டது. ப்ரோவில் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் இணைப்பும் இயல்பாகவே மூடப்பட்டது. நேற்றுவரை கேள்வி கேட்காமல் திறந்துகொண்டிருந்த பழைய நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியோ, கோப்பு பகிரும் ரவுட்டரோ அப்டேட்டுக்குப் பிறகு இணைய மறுக்கும். எக்ஸ்ப்ளோரரோ ஒவ்வொரு தடவையும் அதன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' என்று கொடுத்தால் இணைப்புகளின் பட்டியல் வரும். தொங்கிக்கொண்டிருக்கும் டிரைவ் எழுத்தையும் கோலனையும் சேர்த்து, இறுதியில் சாய்கோடு போட்டு 'டெலிட்' என்று கொடுத்தால் அது கழன்றுவிடும். உடனே எக்ஸ்ப்ளோரர் ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது. பிறகு சரியான வழி, அந்தச் சாதனத்தின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, கடவுச்சொல்லோடு ஒரு கணக்கு வைத்து மறுபடி இணைப்பது. விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் குறுக்குவழிகள் நிறையக் கிடைக்கும், அவை எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து, ரைட் கிளிக்கில் நிற்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்டேட்டின் மேல் பழி விழும் வழக்குகளில் உண்மையான குற்றவாளி அதிகமாக ஒளிந்திருப்பது இங்கேதான்.

எக்ஸ்ப்ளோரர் ஒரு சத்திரம் மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து தங்கலாம். நீங்கள் நிறுவும் ஜிப் மென்பொருள், கிளவுட் சேமிப்பு, ஆன்டிவைரஸ், பிடிஎஃப் கருவி, கிராஃபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பலகை என ஒவ்வொன்றும் ரைட் கிளிக் மெனுவில் தனக்கு ஒரு வரி வேண்டுமென்று ஒரு நீட்சியை நிறுவிக்கொள்கிறது. ஷெல் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். பழைய வகை நீட்சிகள் எக்ஸ்ப்ளோரரின் ப்ராசஸுக்குள்ளேயே ஏற்றப்பட்டு ஓடுபவை. ஆகவே மெனு திறக்கும் நேரத்தில் அதில் ஒன்று தன் சர்வரைத் தொடர்புகொள்ளப் பார்த்து மாட்டிக்கொண்டால், உறைவது அந்த மென்பொருள் இல்லை, எக்ஸ்ப்ளோரர். முத்திரை குத்தப்படுவதும் எக்ஸ்ப்ளோரரின் மேல்தான். அப்டேட் இதில் என்ன செய்தது என்றால், எக்ஸ்ப்ளோரரின் உள்ளமைப்பில் ஏதோ ஒன்றை மாற்றியது. பழைய அமைப்பை நம்பி எழுதப்பட்டிருந்த நீட்சி தடுமாறுகிறது.

விண்டோஸ் 11-இல் இதைக் கண்டுபிடிக்க ஒரு வசதி தற்செயலாக அமைந்திருக்கிறது. ரைட் கிளிக் மெனு இரண்டு அடுக்கு. முதலில் வரும் புது மெனு, பிறகு 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினால் வரும் பழைய மெனு. புது மெனு சட்டென்று வந்து, பழைய மெனுவைக் கேட்கும்போது மட்டும் நின்றால் ஏதோ ஒரு பழைய வகை நீட்சிதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் பழைய மெனு நேராக வரும், சோதிக்க அது வசதி.

யார் அது என்று பிடிக்க, நிர்சாஃப்ட்டின் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவி போதும். நிறுவத் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்து ஓட்டலாம். திறந்ததும் பெரிய பட்டியல் வரும். மிரள வேண்டாம். ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நீட்சிகளை மறைக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் வெளியாருடையவை மட்டும் மிஞ்சும். அவற்றில் பாதியைத் தேர்ந்தெடுத்து எஃப்7 அழுத்தினால் முடங்கிவிடும். எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து ரைட் கிளிக் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி முடக்கிய பாதியில். இல்லையென்றால் மற்ற பாதியில். எஃப்8 அழுத்தி விடுவித்து, சந்தேகப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். பதினாறு நீட்சிகள் இருந்தாலும் நான்கு சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. பெயர் தெரிந்த பிறகு அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீட்சியை மட்டும் முடக்கி வைத்துக்கொண்டு மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ரைட் கிளிக்கில் அதன் வரி வராது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 'க்ளீன் பூட் செய்து பார்த்தேன், அப்போதும் நிற்கிறது, அதனால் வெளி மென்பொருள் காரணமில்லை' என்று பலர் முடிவுக்கு வருகிறார்கள். சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் செய்யும் க்ளீன் பூட் சர்வீஸ்களையும் ஸ்டார்ட்டப் நிரல்களையும்தான் நிறுத்தும். ஷெல் நீட்சிகளை அது தொடாது. எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போது அவை வழக்கம்போல ஏறிக்கொள்ளும். க்ளீன் பூட் தோற்றால் அதிலிருந்து ஒன்றும் நிரூபணமாகவில்லை.

சத்திரத்தில் தங்குபவர்களில் இன்னொரு வகை, எக்ஸ்ப்ளோரரின் தோற்றத்தையே மாற்றும் கருவிகள். பழைய டாஸ்க்பாரைத் திருப்பிக் கொண்டுவருவது, மெனுவைப் பழையபடி ஆக்குவது போன்றவை. எக்ஸ்ப்ளோரர்பேட்சர் இந்த வகைக்குத் தெரிந்த உதாரணம். இவை விண்டோஸ் வெளிப்படையாக அனுமதித்த வாசல் வழியாக வருபவை அல்ல, எக்ஸ்ப்ளோரரின் உள்ளே நுழைந்து அதன் நடத்தையையே மாற்றுபவை. அதனால் உள்ளமைப்பு மாறும் ஒவ்வொரு அப்டேட்டிலும் உடையும் அபாயம் உண்டு. டாஸ்க்பார் வந்து வந்து போகும் சுழற்சி இருந்து, இப்படி ஏதாவது நிறுவியும் இருந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். ஆக்கியவர் புதிய பதிப்பு வெளியிட்ட பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

குறிப்பிட்ட ஃபோல்டரில் மட்டும் நிற்பது வேறு கதை. பெரும்பாலும் அது டவுன்லோட்ஸ் ஃபோல்டராக இருக்கும். மேலே முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். ஃபோல்டருக்குள் படங்களும் வீடியோக்களும் அதிகமாகச் சேர்ந்ததும் விண்டோஸ் அதைப் படத் தொகுப்பு என்று முடிவுகட்டி, ஒவ்வொரு கோப்பின் உள் விவரங்களையும் படிக்கத் தொடங்கிவிடும். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' பக்கம் போய், 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றினால் பச்சைக் கோடு ஓடி மறைவதைப் பார்க்கலாம். கூடவே தேதி வாரியாகக் குழுவாக்குவதையும் 'க்ரூப் பை' மெனுவில் 'நன்' என்று வைத்துவிடுங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் தம்ப்நெயில், அதாவது கோப்பின் குட்டி முன்னோட்டப் படம். பாதி இறங்கிய வீடியோ ஒன்று போதும். எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸில் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்பதை டிக் செய்து, அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஓடினால், சிக்கலான கோப்பைத் தேடி அகற்றுங்கள் அல்லது வீடியோ வகைகளைப் படிக்க நிறுவிய கோடெக் தொகுப்பை நீக்குங்கள். தம்ப்நெயில் வேலையை எக்ஸ்ப்ளோரர் வழக்கமாகத் தனியாக 'காம் சரகேட்' என்ற ப்ராசஸிடம் கொடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் அது சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் இந்தத் திசைதான் சரி. பழைய கேஷை அழிக்க 'டிஸ்க் க்ளீனப்' திறந்து தம்ப்நெயில்ஸை மட்டும் டிக் செய்தால் போதும். ப்ரிவ்யூ பேனைத் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் ஆல்ட்டும் பியும் அழுத்தி மூடிப் பாருங்கள். போகிற போக்கில் ஒன்று: 2025 அக்டோபர் அப்டேட்டிலிருந்து, இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளுக்கு ப்ரிவ்யூ பேனில் முன்னோட்டம் வராமல் எச்சரிக்கைதான் வரும். அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்தது. நம்பிக்கையான கோப்பு என்றால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' கொடுக்கலாம்.

தேடல் பெட்டியில் தட்டும்போது மட்டும் நின்றால் தேடல் அட்டவணை. கன்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்ட். கோப்புகள் அதிகமிருந்தால் மணிக்கணக்கில் ஆகும், இரவில் ஓட விடுங்கள்.

எங்கே தொட்டாலும் நிற்கிறது, எந்த ஒழுங்கும் பிடிபடவில்லை என்றால் இரண்டு கருவிகள் உதவும். ஒன்று, டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பக்கம். எக்ஸ்ப்ளோரர் உறைந்திருக்கும் அந்த நேரத்திலேயே அங்கே அதன் வரியை ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுங்கள். அது வேறொரு ப்ராசஸுக்காகக் காத்திருந்தால் அதன் பெயரே வந்துவிடும். எப்போதும் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கிடைத்தால் தேடல் அங்கேயே முடிந்தது. மற்றொன்று, ஸ்டார்ட்டில் 'ரிலயபிலிட்டி' என்று தேடினால் வரும் நம்பகத்தன்மை வரலாறு. நாள்வாரியாகக் கட்டம் போட்டு, எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது விழுந்தது என்று காட்டும். அப்டேட் அன்றுதான் சிக்கல் தொடங்கியதா, அதே நாளில் வேறொரு மென்பொருளும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதா என்று இதில் தெரியும். எக்ஸ்ப்ளோரர் முழுதாக விழுந்திருந்தால் சிவப்புக் குறியைத் திறந்து 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே வெளி மென்பொருளின் டிஎல்எல் (நிரல் துணைக் கோப்பு) பெயர் இருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. விண்டோஸின் சொந்தக் கோப்பான என்டிடிஎல்எல் என்று இருந்தால் அதை வைத்து விண்டோஸைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். யார் செய்த தவறானாலும் கடைசியில் விழும் இடம் பெரும்பாலும் அதுதான்.

எக்ஸ்ப்ளோரர் விண்டோ கறுப்பாகவோ கிழிந்தோ தெரிந்தால் டிஸ்ப்ளே டிரைவரைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் அப்டேட் சில நேரம் அதையும் சேர்த்து மாற்றிவிடும். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுதொடக்கம் ஆகும், திரை ஒரு முறை மினுக்கும். அதனால் தற்காலிகமாகச் சரியானால், டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் கடந்தும் நின்றால், இப்போது அப்டேட்டையே குற்றம் சாட்டலாம். மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அறியப்பட்ட கோளாறுகளை 'ரிலீஸ் ஹெல்த்' என்ற பக்கத்தில் பதிப்பு வாரியாகப் பட்டியலிடுகிறது. உங்கள் அப்டேட்டின் பெயரில் கேபி என்று தொடங்கும் எண்ணை வைத்து அதில் பாருங்கள். சில கோளாறுகளுக்கு அவர்கள் அங்கிருந்தே அந்த ஒரு மாற்றத்தை மட்டும் அணைத்துவிடுவார்கள். 'நோன் இஷ்யூ ரோல்பேக்' என்று பெயர். அது உங்கள் கணினிக்கு வந்துசேர ஒரு நாள் வரை ஆகலாம், ரீஸ்டார்ட் செய்தால் சீக்கிரம் வரும்.

அப்டேட்டை நீக்க செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திர அப்டேட் என்றால் இது போதும். 24எச்2 போன்ற பதிப்பு மாற்றமாக இருந்தால் 'ரெகவரி' பகுதியில் உள்ள 'கோ பேக்' மூலம் 10 நாட்களுக்குள் திரும்பலாம். இடையில் டிஸ்க் க்ளீனப்பில் பழைய விண்டோஸ் நிறுவலை அழித்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். நீக்கியதும் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் மறுநாளே அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நீண்ட நாள் இருப்பது ஆபத்து, அதனால் அடுத்த மாத அப்டேட் வந்ததும் மறுபடி போட்டுப் பாருங்கள்.

நீக்கியும் சரியாகவில்லை என்றால் விண்டோஸின் கோப்புகளைப் பழுதுபார்க்கும் கட்டம். எஸ்எஃப்சியை மட்டும் தனியாக ஓட்டாமல், அதற்கு முன் டிஸ்ம் ஓட்ட வேண்டும். சிதைந்த கோப்புக்குப் பதிலாக எஸ்எஃப்சி நல்ல பிரதி எடுப்பது விண்டோஸின் உள் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கே கெட்டிருந்தால் அது என்ன செய்யும்? கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம்தான். நிர்வாகி உரிமையோடு திறந்த டெர்மினலில் 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்', அது முடிந்த பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. பாதியில் சதவீதம் நகராமல் நிற்பதுபோல இருக்கும், மூடிவிடாதீர்கள்.

கட்டளைகள் வேண்டாம் என்றால் புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி பகுதியில் 'ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்று ஒன்று இருக்கிறது. இருக்கும் பதிப்பையே மறுபடி இறக்கி, அதன் மேலேயே நிறுவும். உங்கள் கோப்புகள், மென்பொருள்கள், செட்டிங்குகள் அப்படியே இருக்கும். ஃபார்மேட்டுக்குப் பதிலாக நான் சொல்வது இதைத்தான். ஆனால் முடக்கிய ஷெல் நீட்சிகளை விடுவிக்காமலே இதை ஓட்டுங்கள், தோற்றத்தை மாற்றும் கருவிகளையும் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். மென்பொருள்களை அப்படியே வைத்திருப்பதால், வெளியிலிருந்து வந்த நீட்சிதான் காரணமென்றால் இந்த மறுநிறுவலுக்குப் பிறகும் அது அதே இடத்தில் இருக்கும்.